மூலமும் ஆக்கமும்: மீளாக்கத்தக்க மென்பொருள் பற்றிய சில குறிப்புகள்

1

ஒரு சமுதாயத்தின் பண்பாட்டு வாழ்வை ஆராய முற்படுவோர் முதலிற் கேட்கவேண்டிய வினா, அச்சமுதாயத்தின் உற்பத்திச் சாதனங்கள் யார் கையில் உள்ளன என்பதாகும். அச்சியந்திரம் தமிழிலக்கிய உலகிற் புகுந்த வரலாற்றை நோக்குமிடத்து இவ்வினாவின் முக்கியத்துவம் நன்கு புலப்படும். இந்தியாவில் அச்சகம் நடத்துவோர் மீதிருந்த கட்டுப்பாடுகள் 1835 ஆம் ஆண்டில் நீங்கிய பின்னரே சுதேசிகளின் அச்சகங்கள் பெருகின, ஏடுகள் நூல்களாயின, நூல்களைப் படிப்போரின் வர்க்க அடித்தளமும் விரிந்தது. இன்று எழுத்து, கணக்கு, பதிவேடு, ஆளடையாளம் ஆகிய யாவும் கணினிவழிப்பட்டுவிட்ட நிலையில், அதே வினா புதிய வடிவத்தில் நம்முன் நிற்கின்றது. கணினியை இயக்கும் மென்பொருளை ஆக்குவோர் யாவர்? அவர்கள் ஆக்கியதை வேறொருவர் வேறோரிடத்தில் மீள ஆக்கிச் சரிபார்க்க இயலுமா? இவ்விரண்டாவது வினாவே இக்கட்டுரையின் பொருளாகும்.

இது பொறியியலாளர்க்கு மட்டுமே உரிய விடயம் என்று கருதி நம்மவர் ஒதுங்கிவிடுவதுண்டு. அவ்வாறு ஒதுங்குவது பொருந்தாது என்பதை விளக்க, புத்தளம் மாவட்டத்தின் வடபால் கலா ஓயாவின் தென்புறத்தே அமைந்த எலுவன்குளத்தை உதாரணக் களமாகக் கொள்வோம். புத்தளத்திலிருந்து மன்னாருக்குச் செல்லும் பழைய பாதை இவ்வூரின் வழியாகவே கலா ஓயாவைக் கடந்து வில்பத்துக் காட்டினுட் புகுகின்றது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட பல்லாயிரக்கணக்கான முஸ்லிம் மக்கள் தஞ்சம் புகுந்தது பெரும்பாலும் இப்புத்தளம் மாவட்டத்திலேயாகும். அவர்களின் உணவுப் பங்கீடு, வதிவிடம், வாக்குரிமை ஆகியன பல்லாண்டுகளாகப் பட்டியல்களில் தங்கியிருந்தன. பட்டியலிற் பெயர் உண்டா இல்லையா என்பது அம்மக்களுக்கு வாழ்க்கைப் பிரச்சினையாயிருந்தது. அப்பட்டியல்களை இனி மென்பொருள்களே பேணப்போகின்றன. ஆகவே அம்மென்பொருள்கள் சொன்னதைத்தான் செய்கின்றனவா என்று கேட்கும் ஆற்றல் தலைநகரத்து அலுவலகங்களில் மட்டுமன்றி எலுவன்குளம் போன்ற ஊர்களிலும் இருக்கவேண்டும்.

2

மென்பொருள் இரு வடிவங்களில் உளது. மனிதர் எழுதிப் படிக்கும் வடிவம் மூலநிரல் எனப்படும். இயந்திரம் நேரடியாக ஏற்றுச் செயற்படும் வடிவம் ஒன்றும் பூச்சியமும் கொண்ட இலக்கங்களின் தொடராகும். இதனை இரும வடிவம் என்பர். மூலநிரலை இரும வடிவமாக்கும் மென்பொருள் தொகுப்பி ஆகும். தொகுப்பியும் அதனோடு சேர்ந்த பிற கருவிகளும் நூலகங்களும் கூடி மூலத்தை இரும வடிவமாக மாற்றும் செயன்முறை முழுவதையும் ‘ஆக்கம்’ என்று இங்குக் குறிப்பிடுவோம்.

பண்டமொன்று சந்தைக்கு வந்ததும் அதனை உருவாக்கிய உழைப்பும் உழைப்போரிடை நிலவிய உறவுகளும் கண்ணுக்கு மறைந்துவிடுகின்றன என்பதை 1867 இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற் பாகத்தில் மார்க்ஸ் விளக்கியுள்ளார். இரும வடிவத்திலுள்ள மென்பொருள் இதற்குத் தக்க சான்றாகும். அதனை வாங்குவோர் எவருக்கும் அதன் உட்பொருள் புலப்படுவதில்லை. இந்நிலைக்கு எதிர்வினையாகவே ரிச்சர்ட் ஸ்டோல்மன் 1983 இல் குனூ திட்டத்தை அறிவித்தார். 1989 இல் குனூ பொது உரிமம் வெளியாயிற்று. 1991 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை வெளியிட்டார். மூலநிரலைப் படிக்கவும் திருத்தவும் பகிரவும் எவருக்கும் உரிமை உண்டு என்னும் கொள்கை இவற்றால் நிலைபெற்றது.

எனினும் மூலத்தைப் படிக்கும் உரிமைக்கும் மக்கள் உண்மையிற் பயன்படுத்தும் பண்டத்துக்கும் இடையே ஓர் இடைவெளி எஞ்சியே நின்றது. பெரும்பாலோர் மூலத்தைத் தாமே ஆக்கிக்கொள்வதில்லை. பிறர் ஆக்கிய இரும வடிவத்தையே பெற்று நிறுவிக்கொள்கின்றனர. அவ்விரும வடிவம் அம்மூலத்திலிருந்தே பிறந்தது என்பதற்கு ஆக்கியவரின் சொல்லைத் தவிர வேறு சான்று இருப்பதில்லை. இவ்விடைவெளி எத்துணை ஆபத்தானது என்பதை 2020 டிசெம்பரில் வெளிப்பட்ட சோலர்விண்ட்ஸ் விவகாரம் உலகுக்குக் காட்டிற்று. ஊடுருவியோர் அந்நிறுவனத்தின் ஆக்க இயந்திரத்தினுள் இருந்துகொண்டு, ஆக்கம் நிகழும் வேளையில் மட்டும் நச்சுநிரலைப் புகுத்தினர். களஞ்சியத்திலிருந்த மூலநிரல் தூய்மையாகவே இருந்தது. நிறுவனத்தின் முறையான கையொப்பத்துடன் வெளிவந்த அம்மென்பொருள் ஏறத்தாழ 18,000 வாடிக்கையாளரைச் சென்றடைந்தது. மூலத்தை எத்தனை தடவை படித்திருப்பினும் அக்கேடு புலப்பட்டிராது.

இவ்விடைவெளியை அடைப்பதற்கு எழுந்ததே மீளாக்கத்தக்க ஆக்கம் என்னும் முறையாகும். ஒரே மூலத்தையும் ஒரே கருவிகளையும் ஒரே அறிவுறுத்தல்களையும் கொண்டு எவர் எங்கு ஆக்கினும், ஓர் இலக்கமும் மாறாத அதே இரும வடிவம் கிடைக்குமாயின், அம்மென்பொருள் மீளாக்கத்தக்கது எனப்படும். பிட்கொயின் மென்பொருளார் 2011 அளவிலும் டோர் உலாவியை ஆக்குவோர் 2013 இலும் இம்முறையைக் கைக்கொண்டனர். அதே 2013 இல் டெபியன் என்னும் தொண்டர் அமைப்பு, தான் வெளியிடும் பல்லாயிரம் மென்பொருட் பொதிகளையும் இவ்வாறு ஆக்குவதற்கான முயற்சியைத் தொடங்கியது. அவ்வியக்கத்தின் சோதனைகளில் இன்று பத்துப் பொதிகளில் ஒன்பதுக்கு மேற்பட்டவை தேறுகின்றன.

3

தமிழ்ப் பதிப்பு வரலாற்றை அறிந்தோர்க்கு இம்முறை முற்றிலும் புதியதன்று. 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும், 1887 இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரும் ஒரே ஏட்டை நம்பி நூலை வெளியிடவில்லை. பல ஊர் ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கினர். எவரெவர் ஏடு கிடைத்தது என்று முகவுரையிற் பதிவுசெய்தனர். பிற்காலத்தவர் அவர்தம் முடிபுகளைச் சோதிப்பதற்கு அப்பதிவே வழிவகுத்தது. ஒரு வேறுபாடு உண்டு. ஏடுகளில் பாடபேதம் இயல்பு. பதிப்பாசிரியர் அவற்றுட் சிறந்ததைத் தெரிந்தெடுப்பார். மென்பொருள் ஆக்கத்திலோ பாடபேதம் ஒன்றேனும் இருத்தலாகாது. ஒரேயொரு பைட்டு மாறினும் அது ஏன் மாறியது என்று காரணம் காணும்வரை ஓயலாகாது.

ஒரே மூலத்திலிருந்து ஆக்கப்பட்டவை ஏன் மாறுபடவேண்டும் என்ற ஐயம் எழலாம். காரணங்கள் பலவாயினும் அவை யாவும் ஒரு பண்பினவே. ஆக்குவோரின் சூழல், ஆக்கப்படும் பொருளினுள் அவர் அறியாமலே புகுந்துவிடுகின்றது.

முதலாவது காலம். பல மென்பொருள்கள் தாம் ஆக்கப்பட்ட நாளையும் நேரத்தையும் தம்முள்ளே பொறித்துக்கொள்கின்றன. காலை ஆக்கியதும் மாலை ஆக்கியதும் இதனால் வேறுபடும். இடத்துக்கு இடம் கடிகாரம் மாறுவதும் இதனோடு சேரும். இலங்கையில் 1996 மே மாதத்தில் நேரம் ஒரு மணி முன்தள்ளப்பட்டது; அவ்வாண்டு ஒக்டோபரில் அரைமணி பின்வாங்கப்பட்டது; 2006 ஏப்பிரலில் மீண்டும் பழைய நேரமே வந்தது. இடைப்பட்ட காலத்தில் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் பழைய நேரத்தையே கைக்கொண்டிருந்தன. ஒரே தீவில், ஒரே கணத்தில், இரு கடிகாரங்கள் வெவ்வேறு நேரங்களைக் காட்டின. அக்காலத்தில் இரு பகுதிகளிலும் ஒரே மூலம் ஒரே கணத்தில் ஆக்கப்பட்டிருப்பினும், உள்ளூர் நேரம் பொறிக்கப்படுமாயின் இரண்டும் வேறுபட்டிருக்கும்.

இரண்டாவது வரிசை. ஓர் அடைவிலுள்ள கோப்புகளை இயங்குதளம் எந்த வரிசையில் எடுத்துத் தரும் என்பது வட்டின் அமைப்பைப் பொறுத்தது. அவற்றை அகரவரிசைப்படுத்தினாலும் சிக்கல் தீர்வதில்லை. எந்த அகரவரிசை என்னும் வினா எழுகின்றது. தமிழ் நெடுங்கணக்கில் யகரத்துக்குப் பின்னரே னகரம் வரும். ஆகவே ‘மயில்’ முன்னரும் ‘மனம்’ பின்னரும் அமையும். யூனிக்கோட் குறியெண் வரிசையிலோ னகரம் நகரத்தை அடுத்து நிற்பதால் ‘மனம்’ முந்திக்கொள்கின்றது. இவ்விரு பெயர்களையுடைய கோப்புகளைத் தமிழ் மொழி அமைப்புடைய கணினியும் பிற அமைப்புடைய கணினியும் வெவ்வேறு வரிசையிற் கட்டும். பிறக்கும் இரும வடிவங்களும் வேறாகும்.

மூன்றாவது இடமும் ஆளும். எந்த அடைவில் வைத்து ஆக்கப்பட்டது, கணினியின் பெயர் யாது, பயனரின் பெயர் யாது என்பன பல வேளைகளில் உள்ளே பதிந்துவிடும். நான்காவது கருவிகள். தொகுப்பியின் பதிப்பு சற்று மாறினும் விளைவு மாறும். ஐந்தாவது தற்செயல். பல செயலிகள் ஒருங்கே வேலைசெய்யும்பொழுது எது முந்தி முடியும் என்பதும், சில மொழிகள் தம் அட்டவணைகளை வேண்டுமென்றே குலைத்து அடுக்குவதும் வரிசையைப் பாதிக்கும்.

4

இனி, இத்தகைய ஆக்கத்துக்கென ஒரு லினக்ஸ் கணினியை அமைக்கும் முறையை நோக்குவோம். விலையுயர்ந்த இயந்திரம் வேண்டியதில்லை. பாடசாலை ஒன்றிலுள்ள சாதாரண மேசைக்கணினியும் ஒரு புறவட்டும் பெரும்பாலான பொதிகளுக்குப் போதுமானவை.

முதற்படி, அடிப்படை அமைப்பாகும். 2025 ஓகஸ்ட்டில் வெளிவந்த டெபியன் 13 ஐ உதாரணமாகக் கொள்வோம். அதன் நிறுவல் வட்டுப் படிமத்தைப் பெற்றதும் அதன் ஹாஷ் பெறுமானத்தைக் கணிக்கவேண்டும். ஹாஷ் என்பது எத்துணைப் பெரிய கோப்பையும் 64 எழுத்திலக்கங்களாகச் சுருக்கித் தரும் கைரேகை போன்றது. கோப்பில் ஓர் இலக்கம் மாறினும் ஹாஷ் முற்றாக மாறிவிடும். கணித்த பெறுமானம் டெபியன் கையொப்பமிட்டு வெளியிட்டதோடு ஒத்திருத்தல் வேண்டும். இதன் பயன் எலுவன்குளம் போன்ற ஊருக்கு மிகப் பெரிது. இணைய இணைப்பு மெதுவாயின் கோப்புகளைப் புறவட்டிற் பதிந்து புத்தளத்திலிருந்து பஸ்ஸிற் கொண்டுவரலாம். எவர் கைகளின் வழியாக வந்தது என்பது பொருட்டாகாது. கையொப்பமும் ஹாஷும் ஒத்தாற் போதும்.

இரண்டாம்படி, தூய அறையாகும். நாளாந்தம் பயன்படும் அமைப்பில் வைத்து ஆக்கினால் அங்குள்ள பிற மென்பொருள்கள் கலந்துவிடும். ஆகவே டெபூட்ஸ்ட்ராப் என்னும் கருவியினால், வெளி அமைப்பினின்று பிரிக்கப்பட்ட சிறிய டெபியன் அமைப்பொன்றைத் தனி அடைவில் நிறுவுதல் வேண்டும். எஸ்பில்ட் என்னும் கருவி ஒவ்வோர் ஆக்கத்துக்கும் அவ்வறையைப் புதிதாகத் திறந்து, தேவையான பொதிகளை மட்டும் நிறுவி, வேலை முடிந்ததும் அறையை அழித்துவிடும். ஆக்கம் நிகழும்பொழுது இணையத் தொடர்பு துண்டிக்கப்பட்டிருத்தல் வேண்டும். இன்று இணையத்திலிருந்து எடுக்கப்படும் ஒரு துணைக்கோப்பு நாளை மாறியிருக்கக்கூடும் என்பதே காரணம். 2022 மார்ச் இறுதியில் இந்நாட்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு அமுலாயிற்று. அத்தகைய தடை நேரினும் இம்முறைக்குக் குந்தகமில்லை. பாதியில் நின்ற அறையை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினால் விளைவு அதுவாகவே இருக்கும்.

மூன்றாம்படி, கருவிகளின் காலத்தை உறையவைத்தலாகும். டெபியனின் ஸ்னப்ஷொட் என்னும் ஆவணக் களஞ்சியம், 2005 முதல் வெளியான பொதிகளை நாள்நேர வாரியாகப் பேணிவருகின்றது. குறித்த நாளிலிருந்த தொகுப்பியையும் நூலகங்களையும் வேண்டும் என்று கேட்டு அவற்றையே பெறலாம். தொடர்புடைய சில நூறு மெகாபைட்டுகளைப் புறவட்டிற் சேமித்துவைத்தால் இணையமின்றியும் ஆக்கம் தொடரும்.

நான்காம்படி, சூழலின் சுவடுகளை ஒருமைப்படுத்தலாகும். ‘சோர்ஸ் டேட் ஈப்பொக்’ என்னும் சூழல்மாறியில், 1970 சனவரி முதலாந் திகதியிலிருந்து மூலம் இறுதியாகத் திருத்தப்பட்ட கணம்வரை சென்ற விநாடிகளின் தொகையைப் பொறித்துவிடவேண்டும். ஆக்கக் கருவிகள் அப்பொழுது சுவர்க்கடிகாரத்தைப் பாராது இவ்வெண்ணையே பயன்படுத்தும். 2015 இல் வகுக்கப்பட்ட இவ்வழக்கத்தை முக்கிய தொகுப்பிகள் பலவும் ஏற்றுள்ளன. நேர வலயத்தை உலகப் பொதுநேரமாகவும், வரிசை மரபை மொழிசாராப் பொதுமரபாகவும் அமைத்தல் வேண்டும். அடைவின் பெயரை நிலையானதாக்க வேண்டும். அல்லது அப்பெயரை நீக்கிவிடுமாறு தொகுப்பியைப் பணிக்கவேண்டும். கட்டப்படும் பொதியினுள் கோப்புகள் பெயர்வரிசையிலும் உரிமையாளர் எண் பூச்சியமாகவும் இருத்தல் வேண்டும்.

ஐந்தாம்படி, சோதனையாகும். இங்கு ஒரு முரண் தோன்றும். நான்காம்படியில் சூழலை ஒருமைப்படுத்தினோம். சோதனையிலோ ரீப்ரோடெஸ்ட் என்னும் கருவி சூழலை வேண்டுமென்றே மாற்றுகின்றது. முதல் ஆக்கத்தை ஒரு நேரத்திலும் ஒரு மொழியமைப்பிலும் செய்து, இரண்டாவதை வேறு நாளில், வேறு வலயத்தில், வேறு பயனர் பெயரில், கோப்பு வரிசையைக் குலைத்துச் செய்கின்றது. முரண் மேற்போக்கானதே. சூழலை ஒருமைப்படுத்துவது உடனடிப் பரிகாரம். எச்சூழலிலும் மாறாத மென்பொருளை எழுதுவதே இலட்சியம். இச்சோதனை எங்கெங்கு இலட்சியத்துக்குக் குறைவு உளதென்று காட்டிக்கொடுக்கின்றது. இரு விளைவுகளின் ஹாஷ்களும் ஒத்தால் வேலை முடிந்தது. ஒவ்வாவிடின் டிஃபோஸ்கோப் என்னும் கருவி இரண்டையும் அடுக்கடுக்காக அவிழ்த்து, வேறுபாடு எக்கோப்பில் எவ்வரியில் உளதென்று எடுத்துக்காட்டும். அவ்வரியைக் கண்டபின் காரணத்தை ஊகிப்பது அரிதன்று. திகதியாயின் காலம், இடம்மாறிய பெயர்களாயின் வரிசை, அடைவின் பெயராயின் இடம்.

ஆறாம்படி, பதிவாகும். ஆக்கம் முடிந்ததும் ‘பில்ட்இன்ஃபோ’ எனப்படும் கோப்பொன்று பிறக்கின்றது. எந்த மூலம், எந்தெந்தக் கருவிகள், அவற்றின் எந்தப் பதிப்புகள், விளைந்தவற்றின் ஹாஷ் யாது என்பன அதில் நிரல்படுத்தப்பட்டிருக்கும். ஆக்கியவர் அதிற் கையொப்பமிட்டு வெளியிடுவார். பழைய பதிப்பாசிரியரின் முகவுரை செய்த பணியை இக்கோப்பு செய்கின்றது.

நிக்ஸ், கிக்ஸ் என்னும் வேறு இரு லினக்ஸ் முறைமைகள் இப்படிகளுட் பலவற்றைத் தம் அமைப்பிலேயே கொண்டுள்ளன. எத்துணைக் கருவிகள் வேண்டும் என்பதை அவை முன்கூட்டியே ஹாஷ் கொண்டு நிர்ணயித்துவிடுகின்றன. ஆயினும் உள்ளீடுகள் ஒன்றாயிருப்பது விளைவும் ஒன்றாயிருக்கும் என்பதற்கு உத்தரவாதமாகாது. மென்பொருளே தன்னுள் நேரத்தைப் பொறிக்குமாயின் அங்கும் விளைவு மாறும். சோதனை எம்முறையிலும் இன்றியமையாததாகும்.

5

இனி இக்கணினியொன்றை எலுவன்குளத்திலும் மற்றொன்றைப் பேராதனையிலும் அமைத்ததாகக் கொள்வோம். மூன்றாவது, மென்பொருளை வெளியிடும் தலைநகரத்து நிறுவனத்தின் கணினி. மூன்றிலும் ஒரே மூலத்தை ஆக்கியபின் மூன்று 64 எழுத்திலக்கங்களைத் தொலைபேசியில் வாசித்தும் ஒப்பிடலாம். ஒத்தால், தலைநகரத்துக் கணினி மறைவாக எதனையும் புகுத்தவில்லை என்பது உறுதியாகும். மூன்று இடங்களிலும் ஒரேவித நச்சு ஒருங்கே புகுந்திருத்தல் வேண்டும், அன்றேல் அது மூலத்திலேயே இருத்தல் வேண்டும். ஒவ்வாவிடின் ஏன் என்று கேட்பதற்கு எலுவன்குளத்தவரிடம் சான்று இருக்கின்றது.

இதன் சமூக முக்கியத்துவம் மனங்கொள்ளத்தக்கது. வழக்கமான முறையில் நம்பிக்கை மேலிருந்து கீழே இறங்குகின்றது; நிறுவனம் கையொப்பமிடும், மக்கள் ஏற்பர். மீளாக்க முறையில் ஆக்கத்தின் ஏகபோகம் தகர்கின்றது. கையொப்பமிட்டவரின் செல்வமோ பதவியோ சரிபார்ப்பில் எவ்விதப் பங்கும் வகிப்பதில்லை. கிராமத்துக் கணினியின் விடைக்கும் தலைநகரத்துக் கணினியின் விடைக்கும் சமமான நிறை உண்டு.

எனினும் இம்முறையை மிகைப்படுத்துவது விஞ்ஞானபூர்வமான நோக்காகாது. இதன் எல்லைகளையும் கூறல் வேண்டும்.

முதலாவது எல்லை தொகுப்பி பற்றியது. கென் தொம்சன் 1984 இல் வெளியான தமது டியூரிங் பரிசு உரையில், தொகுப்பியொன்றினுள் நச்சைப் பொதித்து, அத்தொகுப்பி தன்னைத்தானே மீள ஆக்கும்பொழுதெல்லாம் அந்நச்சும் தொடருமாறு செய்யலாம் என்று காட்டினார். மூலத்தில் அதன் சுவடே இராது. மூன்று ஊர்களிலும் அதே தொகுப்பி இருப்பின் மூன்று ஹாஷ்களும் ஒத்துப்போகும். இதற்கு இரு பரிகாரங்கள் உள. வேறு மரபில் வந்த இன்னொரு தொகுப்பியைக் கொண்டு அத்தொகுப்பியை ஆக்கி ஒப்பிடும் முறையை டேவிட் வீலர் 2005 இல் விளக்கினார். அம்முறைக்கும் மீளாக்கமே அடிப்படை. மற்றையது, மிகச் சிறிய வித்திலிருந்து படிப்படியாகத் தொகுப்பியை வளர்த்தெடுப்பது. கிக்ஸ் இயக்கத்தினர் 2023 இல், 357 பைட்டுகள் மட்டுமே கொண்ட வித்து நிரலிலிருந்து தொடங்கித் தம் தொகுப்பிகளை ஆக்கிக் காட்டினர். 357 பைட்டுகளை ஒருவர் தாளில் எழுதிவைத்துக் கையாற் சரிபார்க்கலாம்.

இரண்டாவது எல்லை மூலம் பற்றியது. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்னும் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் பின்கதவு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. தொலைக்கணினியினுட் புகுவதற்கு ஏறத்தாழ அரைவிநாடி கூடுதலாக எடுப்பதை அன்ட்ரேஸ் ஃபுரொய்ண்ட் என்னும் பொறியியலாளர் அவதானித்து ஆராய்ந்ததனாலேயே அது வெளிப்பட்டது. நச்சைத் தூண்டும் கோப்பு பொதுக் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுப் பொதியில் மட்டும் இருந்தது. அப்பொதியை மூலமாகக் கொண்டு மீள ஆக்கியிருந்தால் நச்சும் பிசகாது மீளாக்கமாகியிருக்கும். வெளியீட்டுப் பொதியும் களஞ்சியமும் ஒன்றா என்பதையும் சரிபார்த்தல் வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும் பாடம். இதற்குப் பின்னாலுள்ள சமூகக் காரணி தொழில்நுட்பக் காரணியிலும் ஆழமானது. உலகின் பெருநிறுவனங்கள் யாவும் பயன்படுத்திய அக்கருவியை ஊதியமின்றித் தனியொருவரே பல்லாண்டுகள் பராமரித்து வந்தார். அவர் களைத்திருந்த நிலையில், உதவி என்ற பெயரில் ஈராண்டுகளுக்கு மேலாக நம்பிக்கையைச் சம்பாதித்துக்கொண்ட முகமறியாப் பெயரொன்றே பின்கதவை நுழைத்தது. கூட்டுழைப்பின் பயனைத் தனியுடைமை அறுவடை செய்துகொண்டு, உழைப்போரைத் தனித்துவிடும் உற்பத்தி உறவே அப்பலவீனத்தின் ஊற்று. எந்த ஹாஷும் அதனைத் தீர்த்துவிடாது.

மூன்றாவது எல்லை சேவையகம் பற்றியது. நம் கையிலுள்ள கருவியில் இயங்கும் மென்பொருளையே நாம் ஹாஷ் கொண்டு சரிபார்க்கலாம். தொலைவிலுள்ள அரசுச் சேவையகத்தில் உண்மையில் எது இயங்குகின்றது என்பதை மீளாக்கம் மட்டும் நிறுவாது. அதற்குச் சட்டமும் கணக்காய்வும் வேண்டும்.

6

இவ்வெல்லைகளுடனேயே இம்முறை நமது சூழலுக்கு ஏன் இன்றியமையாதது என்பதை நோக்குதல் வேண்டும். கட்டற்ற மென்பொருள் இலங்கைக்குப் புதியதன்று. 2004 டிசெம்பர் 26 ஆந் திகதிய ஆழிப்பேரலையை அடுத்த வாரங்களில் இந்நாட்டுத் தொண்டர்கள் சகன என்னும் அனர்த்த முகாமைத்துவ மென்பொருளை ஆக்கினர்; காணாமற்போனோரும் முகாம்களில் இருந்தோரும் அதிற் பதியப்பட்டனர். 2005 இல் பாக்கிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது. மக்களின் பெயர்ப் பட்டியலைப் பேணும் மென்பொருளை வெளிப்படையாக ஆக்கலாம் என்பதற்கு அது நம் மண்ணின் முன்னுதாரணமாகும்.

வெளிப்படை என்ற அறிவிப்பு மட்டும் போதாது என்பதற்கு அயல்நாட்டு அனுபவம் சான்று பகர்கின்றது. 2020 ஏப்பிரலில் இந்திய அரசு ஆரோக்கிய சேது என்னும் செயலியை வெளியிட்டு, மே மாத இறுதியில் அதன் மூலநிரலையும் வெளியிட்டது. வெளியிடப்பட்ட மூலமும் கோடிக்கணக்கான கைப்பேசிகளில் இயங்கிய செயலியும் ஒன்றேதானா என்ற வினா அப்பொழுதே எழுந்தது. மீளாக்கத்துக்கு வழிசெய்யப்பட்டிருந்தால் அவ்வினாவுக்கு எந்தக் கல்லூரி மாணவரும் ஒரு பிற்பகலில் விடை கண்டிருப்பர்.

இலங்கையில் தனித்துவ இலக்கமுறை அடையாளத் திட்டத்துக்கு இந்திய மானியம் பெறுவதற்கான உடன்பாடு 2022 மார்ச்சில் கைச்சாத்தாயிற்று. பெங்களூரில் 2018 இல் தொடங்கிய மொசிப் என்னும் திறந்த மூல அடையாள மேடையை நாடிய நாடுகளுள் இலங்கையும் ஒன்று. மூலம் திறந்தது என்பது நல்ல தொடக்கமே. ஆயினும் கைரேகையையும் முகத்தையும் பதியும் கருவிகளில் நிறுவப்படுவது அத்திறந்த மூலத்தின் ஆக்கம்தானா என்பதே முடிவான வினா. இடம்பெயர்ந்து, இரு மாவட்டங்களின் பட்டியல்களுக்கிடையே அல்லற்பட்ட புத்தளத்து மக்களுக்கு இவ்வினா வெறும் நுட்பவியல் வினாவாக இருக்கமுடியாது.

ஆகவே முற்போக்குச் சிந்தனையுடையோர் முன்வைக்கவேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. பொதுப்பணத்தால் ஆக்கப்பட்டு மக்களின் பதிவேடுகளைக் கையாளும் மென்பொருளின் மூலத்தோடு ஆக்க அறிவுறுத்தல்களும் ஆக்கச் சூழலின் பதிவும் வெளியிடப்படல் வேண்டும். வெளியாகும் ஒவ்வொரு பதிப்பையும் அரசுக்குப் புறம்பான இரு நிறுவனங்களாவது மீள ஆக்கி ஹாஷை வெளியிடல் வேண்டும். பல்கலைக்கழகங்கள் இப்பணியை ஏற்கத் தகுதியுடையன. கருவியில் நிறுவப்பட்டுள்ளதன் ஹாஷைப் பயன்படுத்துவோரே காணத்தக்க வசதி இருத்தல் வேண்டும். இவற்றை விளக்கும் கையேடுகள் தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்படல் வேண்டும். இறுதியிற் கூறியது தமிழ்ச் சங்கங்கள் உடனடியாகத் தொடங்கத்தக்க பணியாகும். தமிழ் நெடுங்கணக்கும் குறியெண் வரிசையும் மாறுபடுவதால் எழும் பிழைகளை இனங்காண்பதற்குத் தமிழறிந்தோரே தேவைப்படுகின்றனர் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

எலுவன்குளத்துப் பாடசாலைக் கணினியில் ஒரு மாணவி கணித்த 64 எழுத்திலக்கங்கள் அரசு வெளியிட்டவற்றோடு ஒத்துள்ளனவா என்று அவளே ஒப்பிட்டுப் பார்க்கும் நிலை வருமாயின், மூலத்தின் மீதான உரிமை ஆக்கத்தின் மீதான உரிமையாகவும் விரிந்துவிட்டது எனலாம். அதற்கு வேண்டிய கருவிகள் யாவும் இன்று விலையின்றிக் கிடைக்கின்றன. அவற்றைப் பயிலும் முயற்சியே நம்மிடமிருந்து எதிர்பார்க்கப்படுவதாகும்.